புற உலகச் சிந்தனையற்றவர்களா?

ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்தவர்களைக் குறிப்பதற்கு நம் அரசாங்கக் காகிதங்களில் ஒரு தொடர் வழங்கி வருகிறது: புற உலகச் சிந்தனையற்றோர். இத்தொடரை ஆக்கியவர்களிடம் தீய எண்ணம் ஏதும் இருந்ததாக நான் கருதவில்லை. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் வேறொரு நோய்நிலையை விளக்க உண்டாக்கிய வைத்தியப் பதத்துக்கு, எவருக்கும் விளங்கும்படி ஒரு தமிழ்ப் பொருள் சொல்ல முயன்றார்கள், அவ்வளவே. ஆயினும் ஓர் அபிப்பிராயத்துக்குப் பிறந்த சொல், நாளடைவில் அந்த அபிப்பிராயத்தையே வளர்த்து ஆளாக்கும் செவிலியாகிவிடுகிறது. புற உலகம் இவர்கள் சித்தத்தில் ஏறுவதில்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால், அப்புற உலகத்துப் பொருள்களாகிய மண்ணையும் மரத்தையும் நூலையும் கல்லையும் இவர்கள் கையில் முறையாகக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்னும் எண்ணம் யாருக்குத் தோன்றும்? கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்து, சாயங்காலம் வரை அமைதியாக உட்கார வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று பலவாறு பெயரிடப்பட்ட இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் கைத்தொழில் என்பது பொழுதைக் கழிக்கும் உபாயம், மிஞ்சினால் வைத்தியத்துக்கு ஒரு துணை என்னும் அபிப்பிராயம், படித்தவர்களிடமும் பெற்றோர்களிடமும், வருத்தத்தோடு சொல்கிறேன், அவர்களுக்குக் கற்பிக்கும் சிலரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. அது பிழை என்பதே என் வாதம்.

இந்தப் பிழையின் முழுப் பாரமும் விழுவது குழந்தைகள்மேல் அன்று, வயது வந்தவர்கள்மேல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் முதல் பள்ளிக்கூட வண்டி வாசலுக்கு வருவதில்லை. சீருடை பெட்டிக்குள் போகிறது. அண்ணன் கல்லூரிக்கும் தங்கை பள்ளிக்கும் புறப்பட்டுப் போன வீட்டில், உடம்பால் முழு ஆண்மகனாக வளர்ந்துவிட்ட ஒருவன், தாயின் முகத்தையும் கூடத்துச் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ‘எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்று அவனுடைய பெற்றோர் கேட்கும் கேள்வியை, இத்தகைய குடும்பங்களோடு பழகியவர் எவரும் கேளாதிருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு நாம் அளிக்கும் விடைதான் சில இடங்களில் ‘தொழிற்பயிற்சி’ என்னும் பெயரோடு நடைபெறுகிறது. ஒரு வாரம் மெழுகுவத்தி, மறுவாரம் காகித உறை, தீபாவளி நெருங்கினால் அகல் விளக்குக்கு வர்ணம், பொங்கல் வந்தால் வாழ்த்து அட்டை. கை ஒன்றில் பழகுமுன் வேறொன்று வந்துவிடுகிறது. பாதிக்குமேல் ஆசிரியையே செய்து முடிக்கிறார், ஏனெனில் பொருள் விற்க வேண்டும். விற்பனை மேசைமேல் ஓர் அறிவிப்புப் பலகை, இவற்றைச் செய்தவர்கள் இன்னார் என்று. வாங்குகிறவர் அகலின் வடிவைப் பார்ப்பதில்லை, பலகையைப் பார்த்து மனம் இளகி வாங்கி, வீட்டுக்குப் போனதும் அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறார். இது அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். பேச்சு வராதவனுக்கும் பிறர் முகம் நன்றாகவே தெரிகிறது என்பது தாய்மார்களைக் கேட்டால் விளங்கும்.

ஆட்டிசத்தை வைத்திய உலகுக்குத் தனி நிலையாக எடுத்துக்காட்டிய லியோ கன்னர் 1943இல் எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகளின் சரித்திரம் இருக்கிறது. அக்கட்டுரையைப் பலரும் குறிப்பிடுவார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், அந்தப் பதினொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடிச் சென்று அவரே எழுதிய இரண்டாவது கட்டுரையை அவ்வளவு பேர் குறிப்பிடுவதில்லை. என் வாதத்துக்கு அதுவே பிரதானமான சாட்சி. பதினொருவரில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட சிறுவன், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்தவன். அவனை ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் விட்டிருந்தார்கள். அவனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கும் பித்து; அத்தம்பதி அதைத் தடுக்கவில்லை. கிணறு ஒன்றைத் தோண்டச் சொல்லி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து சொல்லும் பொறுப்பை அவனிடமே விட்டார்கள். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணும்படி செய்தார்கள். எண்ணிக்கையும் நடந்தது, உழவும் நடந்தது. பிற்காலத்தில் அவன் ஒரு வங்கியில் உத்தியோகம் பார்த்து, சொந்த ஊரில் கௌரவமாக வாழ்ந்தான். அதே பதினொருவரில் பெரிய அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள், இருந்த திறமையையும் இழந்து ஒடுங்கிப் போனதைக் கன்னர் துயரத்தோடு பதிவு செய்திருக்கிறார். பண்ணைத் தம்பதி வைத்திய நூல் படித்தவர்கள் அல்லர். அவனுடைய பித்து எந்த வேலையின் வாசலில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். அந்த வாசலைத் திறந்துவிட்டார்கள். புற உலகச் சிந்தனை இல்லாதவனா அவன்? கிணற்றின் ஆழத்தையும் பயிர் வரிசையின் கணக்கையும் அவனைவிட உன்னிப்பாகக் கவனித்தவர் அந்தப் பண்ணையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்துப் பாறைகளைப் பார்க்க வருகிறவர்கள், அர்ச்சுனன் தபசு முன்னும் கடற்கரைக் கோயில் முன்னும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, தெருவின் இருபுறமும் எழும் உளிச் சத்தத்தை ஒரு கணம் கேட்டுவிட்டு நடந்துவிடுகிறார்கள். அங்கே சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு சிற்பக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளில் யாரும் விநாயகர் செய்யச் சொல்லுவதில்லை. ஒரு கரடான கல்லை எதிரில் போட்டு, அதன் ஒரு முகத்தைச் சமமாகப் பொளிந்து கொண்டுவரச் சொல்லுவார்கள். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, சுத்தி எங்கே விழவேண்டும், எவ்வளவு விசையில் விழவேண்டும் என்பதைப் பெரியவர் வாயால் சொல்லுவது குறைவு. தம் கையால் நாலு தரம் செய்து காட்டிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். பையன் நாள்கணக்காக அந்த ஒரு முகத்தையே பொளிகிறான். மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் மேடு எது, பள்ளம் எது என்பது தெரிந்துவிடுகிறது. எவரும் அவனைத் திட்டவேண்டியதில்லை, மெச்சவேண்டியதும் இல்லை. முனை மழுங்கினால் உலையில் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்க்கும் வரை வேலை நிற்கும் என்பதையும், அவசரப்பட்டால் கல் சில்லாகப் பெயர்ந்து போகும் என்பதையும், பெயர்ந்த சில்லை எந்தச் சமாதானமும் திரும்ப ஒட்டாது என்பதையும் கல்லே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இந்த முறையை, இத்தகைய இளைஞன் ஒருவனுக்கு ஏற்ற கல்வி எதுவென்று விசேஷக் கல்வி நூல்கள் சொல்லுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சைக் குறைத்துக் கண்ணால் காட்டு என்கின்றன அந்நூல்கள். சிற்பக்கூடம் காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. பெரிய வேலையைச் சிறு சிறு படிகளாகப் பகுத்துக் கொடு என்கின்றன. மாமல்லபுரத்தில் முடிவுறாமல் நின்றுபோன வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் போன்ற பணிகளைக் கூர்ந்து பார்த்தவர்கள், பல்லவர் காலத்துக் கல்தச்சர்கள் பாறையைச் சதுரங்களாக வகுத்து, சதுரங்களின் எல்லையில் ஆழக் கோடு வெட்டி, இடைப்பட்ட கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்த முறையை விவரித்திருக்கிறார்கள். ஒரு மலையைக் கோயிலாக்கும் காரியத்தைக்கூட அவர்கள் ஒருவன் ஒரு பொழுதில் செய்து முடிக்கக்கூடிய சதுரங்களாகவே பார்த்தார்கள். விதிகள் தெளிவாகவும் மாறாமலும் இருக்கட்டும் என்கின்றன அந்நூல்கள். சிற்ப சாஸ்திரமும் அப்படித்தான்: உத்தம தசதாளம் என்னும் அளவுமுறையில் ஒரு தெய்வத் திருமேனியின் உயரம் 124 கூறு; நெற்றி முதல் பாதம் வரை ஒவ்வோர் அங்கத்துக்கும் இத்தனை கூறு என்று வரையறுத்திருக்கிறது. பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் திணறுகிற ஒருவனுக்கு, எதையும் ஊகிக்க வேண்டாத, எண்ணித் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஓர் உலகம் இங்கே காத்திருக்கிறது.

செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதும், மாறுதலைக் கண்டால் கலங்குவதும் இவர்களுடைய சுபாவம் என்று வைத்தியர் குறிப்பில் எழுதப்படுகிறது. அச்சுபாவத்தால் குடும்பம் படும் பாட்டை நான் அறியாமல் பேசவில்லை. தினமும் ஒரே வழியில்தான் போகவேண்டும் என்று நடுச்சாலையில் உட்கார்ந்துவிடும் வளர்ந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்த முயன்ற தாயிடம் போய், இது ஒரு வரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு வீணை வித்துவானோ ஒரு தறிகாரரோ ஒரே அசைவைப் பதினாயிரம் தரம் செய்வதைச் சாதகம் என்றும் அப்பியாசம் என்றும் போற்றுகிற நாம், இவனுடைய கை அதையே செய்ய விழையும்போது, அதை நிறுத்துவதற்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருக்கிறோம். குழித்தறியில் உட்கார்ந்து கால்மிதியை மிதித்து நாடாவை இப்பக்கமும் அப்பக்கமும் ஓட்டுகிறவனுடைய உடம்பு, தாளம் தவறாத அதே அசைவில் அமைதி கொள்ளுகிறது. கூடவே விரற்கடை விரற்கடையாகத் துணியும் வளர்கிறது. அசைவு அதேதான், அதன் முடிவில் ஒரு முழத் துணி இருக்கிறது.

‘முதலில் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு தொழிலைப் பார்க்கலாம்’ என்று நல்லெண்ணமுடைய பலர் சொல்லுகிறார்கள். இதைக் காட்டிலும் தலைகீழான வரிசையை நான் கண்டதில்லை. எதைப் பற்றிய நம்பிக்கை அது? ஒன்றையும் செய்து முடிக்க இடம் பெறாத ஒருவனிடம், உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று கைதட்டிக்கொண்டே இருந்தால், அவனுக்கு அது சத்தமாகத்தான் கேட்கும். கல் சமமானதை மட்டக்கோலில் தன் கண்ணால் பார்த்தவனுக்கு, போன மாதம் எட்டாத வேலை இந்த மாதம் எட்டியதைத் தன் விரலாலேயே உணர்ந்தவனுக்கு, எவரும் சொல்லவேண்டாத ஒரு நிச்சயம் உள்ளே உறைகிறது. ‘கை வந்துவிட்டது’ என்று நம் தொழிலாளிகள் சொல்லுவார்களே, அந்தத் தொடரில் இருக்கிற பொருள் முழுவதும் தன்னம்பிக்கைதான். ஆகவே போலிப் புகழ்ச்சியும், ஆசிரியையே செய்து முடித்துக் கொடுக்கும் கருணையும் அவனிடமிருந்து அந்த நிச்சயத்தைத் திருடுகின்றன என்பேன். சொல் கடுமையாயிருக்கலாம்; மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கையால் கற்பது என்பது புத்திக்குறைவுடையோர்க்கு ஒதுக்கிய மட்டமான கல்வி என்று நினைக்கிறவர்கள், தங்கள் பேரக்குழந்தையை ஏராளமான கட்டணம் செலுத்தி மாண்டிசோரி பள்ளியில் சேர்க்கும்போது அதன் பூர்விகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மரியா மாண்டிசோரி 1900ஆம் ஆண்டளவில் ரோமாபுரியில், பள்ளிக்கு லாயக்கற்றவர்கள் என்று தள்ளப்பட்ட குழந்தைகளிடம் வேலை செய்தபோதுதான், பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோரின் வழியில், கையால் தொட்டு அடுக்கிப் பொருத்திக் கற்கும் சாதனங்களை உருவாக்கினார். 1907இல் திறந்த குழந்தைகள் இல்லத்தில் ஏனைய குழந்தைகளுக்கும் அம்முறையை விரித்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தகாலம் முழுவதும் இந்தியாவில் தங்கி, நம் ஆசிரியர்களுக்கே நேரில் பயிற்சி அளித்தார். எந்தக் குழந்தைகளுக்காக இக்கல்வி முதலில் பிறந்ததோ அந்தக் குழந்தைகளுக்கு, அவர்கள் வளர்ந்தபின், காகித உறை ஒட்டுவதுதான் மிஞ்சியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்பேச்சை எடுப்பவன் இன்னோர் ஆட்சேபத்துக்கும் நேர்மையாக விடை சொல்லியாக வேண்டும். கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டால் நம் மக்களுக்கு 1953ஆம் ஆண்டு ஞாபகம் வருகிறது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் தகப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று பெயர் பெற்று, நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பி, 1954இல் காமராஜர் பதவியேற்றதும் கைவிடப்பட்டது. ஆகையால், ‘எங்கள் பிள்ளையைப் படிக்க வைக்காமல் சுத்தியைக் கொடுக்கப் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு தந்தை கேட்டால், அக்கேள்விக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகப் பட்ட அவமானம் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ள எனக்கு அதிகாரம் இல்லை. அந்த எதிர்ப்பு நியாயமானது. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கியது அநியாயம். அதே நியாயத்தைக் கொண்டு நான் கேட்கிறேன்: சான்றிதழில் எழுதிய நோய்ப்பெயரைப் பார்த்து, இவனுக்கு மெழுகுவத்தி, இவளுக்குக் காகித உறை என்று ஒதுக்குவது மட்டும் எவ்விதத்தில் வேறுபட்டது? கையின் நாட்டத்தைப் பாராமல், மனத்தின் விருப்பத்தைக் கேளாமல், வெளியிலிருந்து ஒட்டப்பட்ட ஒரு பெயரால் ஒருவனுடைய ஆயுள் முழுவதற்கும் வேலையைத் தீர்மானிப்பதல்லவா இதுவும்? 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை எல்லாக் குழந்தைகளுக்கும் நடுநாயகமாக வைத்தது. எழுத்து ஏறாதவர்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. நான் கேட்பதும் எழுத்துக்குப் பதிலாக உளி என்பதன்று. அளக்கத் தெரிந்தவனுக்கு எண் வருகிறது. தான் செய்த பொருளுக்குப் பெயரெழுத விரும்புகிறவனுக்கு எழுத்தும் வருகிறது. வராவிட்டாலும் அவன் குறைந்தவன் ஆகிவிடுவதில்லை.

கைவினை சோறு போடுமா என்பது அடுத்த ஆட்சேபம். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகளாக எழுந்திருக்கும் கணினி நிறுவனங்களைக் காட்டி, ஆட்டிசம் உள்ளவர்கள் கணினியில் அபார சாமர்த்தியசாலிகளாமே, அங்கே ஏன் அனுப்பக்கூடாது என்கிறார்கள். நாட்டமுடையவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் எல்லோரும் மேதைகள் என்னும் கதை, மேதையல்லாத பெரும்பான்மையோரை மறுபடியும் கூடத்துச் சுவர் முன்னால் உட்கார வைக்கிறது. கைவினையால் எல்லோரும் முழு ஜீவனத்துக்குச் சம்பாதித்துவிடுவார்கள் என்று நானும் சொல்லவில்லை. சிலருக்கு அரைக்கூலி வரும். சிலருக்கு என்றைக்கும் பக்கத்தில் ஒரு துணை வேண்டியிருக்கும். அப்படியிருந்தும், பலகையின் பரிதாபத்தால் விற்ற நூறு ரூபாயைவிட, பொருளின் தரத்தால் விற்ற முப்பது ரூபாய் அவனுடைய சொந்த வங்கிக் கணக்கில் ஏறுவதையே நான் விரும்புவேன்.

கூரிய கருவிகளை இவர்களிடம் கொடுக்கலாமா என்று அஞ்சுகிறவர்களுக்கு, கருவியை நம்பிக் கொடுக்கப்படுவதே பயிற்சியின் பாதி என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். உண்மையான தடை வேறு. அதை மறைக்கக் கூடாது. இன்றைய சிற்பக்கூடங்களில் உளிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டு, மின்சாரத்தால் கல் அறுக்கும் இயந்திரங்கள் அலறுகின்றன. செவி கூர்மையால் அவதிப்படும் ஓர் இளைஞனுக்கு அந்த அலறல் உடம்பில் படும் அடிக்குச் சமானம். கல்தூசியோ யாருடைய நுரையீரலுக்கும் நஞ்சு. தண்ணீர் தெளிப்பதும் முகமூடி அணிவதும் எல்லாக் கூடங்களிலும் கட்டாயமாக வேண்டியவை. ஆகவே சத்தம் தாளாதவனைக் கல்லிடம் இழுத்துக்கொண்டு போவது இன்னொரு கொடுமை. அவனுக்குத் தறி இருக்கிறது, குயவர் சக்கரம் இருக்கிறது, செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளில் இன்னும் நிற்கிற பனைகளின் ஓலை இருக்கிறது. ஈரக் களிமண் விரலில் பட்டால் கூசுகிறவன் ஓலையில் நிம்மதி காணலாம். ஓலையின் விளிம்பு பிடிக்காதவன் பருத்தி நூலில் லயிக்கலாம். ஒருவனுடைய கை எதை நாடுகிறது என்று கண்டுபிடிக்க ஆறுமாதம் ஆனாலும் அது வீணான காலம் அன்று. கண்டபின் அதை மாற்றாமல் இரண்டு ஆண்டாவது ஒன்றிலேயே நிலைக்கவிட வேண்டும்.

இதற்கு வேண்டிய யாவும் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே சாலையில் அமைந்திருப்பதை நினைத்தால் எனக்கு ஆதங்கமும் ஆசையும் ஒருங்கே எழுகின்றன. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர் நலனுக்காக 2005இல் மத்திய அரசு நிறுவிய தேசிய நிறுவனம் இருக்கிறது. இவர்களை அறிந்த ஆசிரியர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அதே ஊரில் 1996 முதல் தென்னாட்டுக் கைவினைஞர்களைத் தறியோடும் சக்கரத்தோடும் அமர்த்திக் காட்டும் தட்சிண சித்ரா இருக்கிறது. தெற்கே சற்றுத் தொலைவில், மாமல்லபுரத்தில், 1957இல் தொடங்கி ஸ்தபதிகளை உருவாக்கிவரும் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அதன் முன்னாள் மாணவர்கள் பலர் அத்தெருக்களிலேயே கூடம் நடத்துகிறார்கள். இவனை அறிந்தவருக்கு உளி பிடிக்கத் தெரியாது. உளி பிடிக்கத் தெரிந்தவருக்கு இவனைத் தெரியாது. இருவரும் ஒரு கல்லின் இரு பக்கத்தில் உட்கார வேண்டும். ஆசிரியர், அவன் எப்போது களைக்கிறான், எது அவனைக் கலக்குகிறது என்று சிற்பியிடம் சொல்ல வேண்டும். சிற்பி, கோணல் எங்கே என்று மறைக்காமல் அவனிடம் காட்ட வேண்டும். நாள் செல்லச் செல்ல ஆசிரியருடைய நாற்காலி ஒரு முழம், பின் ஒரு கஜம் என்று தள்ளிப்போக வேண்டும்.

கூடம் நடத்தும் சிற்பிகளிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அன்று. வெயில் ஏறி மின் இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன், காலை ஆறு மணி முதல் எட்டரை வரை கூடம் அமைதியாயிருக்கிறது. தூசிக்குத் தண்ணீர் தெளிப்பும் முகமூடியும் அப்போதும் வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு, நிழலில் ஓர் இடமும், காவியால் ஒரு நேர்கோடு போட்ட கரடான கல் ஒன்றும், அவன் கைக்கு ஏற்ற எடையில் ஒரு சுத்தியும், காய்ச்சித் தீட்டிய உளிகள் மூன்றும் வேண்டும். கோடு வரையில் பொளிந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அவனுக்குக் காட்டினால் போதும். மறுநாளும் அதே இடம், அதே கல், அடுத்த கோடு.